இரண்டு படங்களை ஒட்டுத் தெரியாமல் இணைப்பது எப்படி: புதியவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

ஒரு படத்திலிருக்கும் ஆளையோ பொருளையோ வெட்டியெடுத்து இன்னொரு படத்தில் அமர்த்தும் வேலையைக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்குக் கருவி விளக்கங்கள் குறைவில்லாமல் கிடைக்கின்றன. எந்தப் பொத்தான் எந்த மெனுவில் இருக்கிறது என்று காட்டும் காணொளிகள் ஏராளம். ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசிவரை தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பதை அவற்றில் பெரும்பாலானவை சொல்வதில்லை. அந்த வரிசை பிடிபடுவதற்கு எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. நீங்களும் அதே பாட்டைப் பட வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

இணைத்த படத்தில் ஒட்டுத் தெரிந்தால் எல்லோரும் விளிம்பைத்தான் குறை சொல்கிறார்கள். அதை மேலும் மேலும் மழுக்குகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் குற்றவாளி விளிம்பு அல்ல. இரு படங்களின் ஒளியும், நிறமும், குறிப்பாகக் கறுப்பின் ஆழமும் ஒன்றோடொன்று பொருந்தாததே காரணம். விளிம்பை வகுக்கும் மாஸ்க் வேலை (லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று குறிப்பது) இந்த வழிகாட்டியில் ஆறாவது படியாக வருவது அதனால்தான்.

1. மென்பொருளும் அதன் செலவும்

ஃபோட்டோஷாப் சந்தா கட்டிப் பயன்படுத்த வேண்டியது. கிம்ப், கிரிட்டா ஆகியவை முற்றிலும் இலவசம். ஃபோட்டோபியா உலாவியிலேயே இயங்கும். விளம்பரங்களைப் பொறுத்துக்கொண்டால் அதற்கும் பணம் தேவையில்லை. இங்கே சொல்லப்போகும் முறைகள் அனைத்துக்கும் அடிப்படையானவை லேயர் (படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு), மாஸ்க், கர்வ்ஸ் (வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரு கோட்டை வளைத்து மாற்றும் கருவி), கலப்பு முறை (மேல் லேயர் கீழ் லேயரோடு சேரும் விதம்) ஆகிய நான்கு வசதிகள் மட்டுமே. இவை மேற்சொன்ன எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. ஆகவே இலவச மென்பொருளில் தொடங்குவதே என் பரிந்துரை. கிம்ப் வைத்திருப்பவர்கள் 2025 மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ நிறுவிக்கொள்ளுங்கள். ஒரு ஃபில்டரைப் போட்டுவிட்டுப் பிறகு அதன் அளவை மாற்றும் வசதி அந்தப் பதிப்பில்தான் வந்தது.

சந்தாவுக்குப் போகிறவர்கள் ஒப்பந்த வாசகத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மாதந்தோறும் பணம் கட்டுவதாகத் தோன்றும் சில திட்டங்கள் உண்மையில் ஓராண்டு ஒப்பந்தங்கள். இடையில் விலகினால் தனிக் கட்டணம் கேட்கப்படும்.

கணினியின் நினைவகமும் ஒரு செலவுதான், அதை யாரும் முன்கூட்டிக் கணக்கிடுவதில்லை. 24 மெகாபிக்சல் படம் என்பது 6000 × 4000 பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். 8 பிட்டில் எண்ணுக்கு ஒரு பைட் என்றால், ஒரு லேயருக்கு மட்டும் 72 மெகாபைட். 16 பிட்டில் அது 144 ஆகிவிடும். பத்து லேயர்களும், பின்வாங்குவதற்கான படிநிலைப் பதிவுகளும் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நினைவகம் குறைவாக உள்ள கணினியில் பழகுபவர்கள் படத்தின் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கிக்கொண்டு பழகலாம்; பளு நான்கில் ஒரு பங்காகிவிடும்.

2. பொருந்தும் படங்களைத் தேர்ந்தெடுத்தல்

மொத்த வேலையில் மிக அதிக நேரத்தை மிச்சப்படுத்தும் படி இதுதான். பொருந்தாத இரண்டு படங்களை எந்த மென்பொருளாலும் பொருத்த முடியாது என்று நினைத்துக்கொண்டே தேடுங்கள்.

முதலில் ஒளியின் திசையைப் பாருங்கள். மூக்கின் நிழல், கழுத்தின் நிழல், தரையில் விழும் நிழல் ஆகிய மூன்றும் ஒளி எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடும். இடம் வலம் மாறியிருந்தால் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக்கொள்ளலாம் (சட்டையில் எழுத்தோ, பக்கவாட்டு வகிடோ இருந்தால் கவனம் தேவை). மேலிருந்து வரும் ஒளியும் கீழிருந்து வரும் ஒளியும் மாறியிருந்தால் ஒன்றும் செய்ய இயலாது. வேறு படம் தேடுங்கள். அடுத்து, நிழலின் விளிம்பு கூர்மையா, மங்கலா என்று பாருங்கள். வெட்டவெளி வெயிலில் எடுத்த ஆளை மேகமூட்டமான பின்னணியில் நிறுத்தினால், நிறத்தை எவ்வளவு திருத்தினாலும் அவர் அந்த இடத்துக்கு அந்நியராகவே நிற்பார்.

மூன்றாவது, கேமரா இருந்த உயரம். இதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. சமதளமான தரையில் நிற்பவர்களை எடுத்த படத்தில், அடிவானக் கோடு ஒவ்வொருவரையும் கேமரா இருந்த உயரத்தில்தான் கடக்கும். மார்பு உயரத்தில் கேமராவை வைத்து எடுத்திருந்தால், அருகில் நிற்பவருக்கும் தொலைவில் நிற்பவருக்கும் அடிவானம் அவரவர் மார்பையொட்டியே போகும். நீங்கள் வெட்டியெடுத்த ஆள் எந்த உயரத்திலிருந்து எடுக்கப்பட்டவர் என்று மூலப் படத்தில் கண்டறிந்து, புதிய பின்னணியின் அடிவானமும் அவருடைய உடலில் அதே இடத்தைக் கடக்குமாறு அளவையும் இடத்தையும் சரிசெய்யுங்கள். இது ஒன்றைச் செய்தாலே, மிதப்பது போன்ற தோற்றமும் பூதாகரமாகத் தெரியும் தோற்றமும் பெருமளவு மறைந்துவிடும். கட்டடங்களுக்கு நடுவே அடிவானம் தெரியாவிட்டால், சாலையின் இரு ஓரங்களையும் கோடுகளாக நீட்டிப் பாருங்கள். தரை சமதளமானால், அவை சந்திக்கும் இடம் அடிவானத்தின் உயரத்தில்தான் இருக்கும்.

கடைசியாகத் தெளிவு. பெரிய படத்தைச் சிறிதாக்குவதில் கேடில்லை. சிறிய படத்தைப் பெரிதாக்குவதில்தான் சிக்கல். செயற்கை நுண்ணறிவு கொண்டு பெரிதாக்கும் கருவிகள் இல்லாத விவரத்தை ஊகித்து வரைகின்றன என்பதை மறக்க வேண்டாம்; இலைகளுக்கும் மணலுக்கும் அது ஒத்துவரலாம், தெரிந்தவர் ஒருவரின் முகத்துக்கு ஒத்துவராது.

3. உரிமமும் ஆவணங்களும்

மற்றவர் எடுத்த படத்தைப் பயன்படுத்தும்போது, பதிவிறக்க முடிகிறது என்பது அனுமதி ஆகாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ‘என்.டி.’ என்ற குறி இருந்தால், மாற்றம் செய்த வடிவத்தைப் பகிர அனுமதி இல்லை. நம்முடைய வேலையே மாற்றம் செய்வது என்பதால் அத்தகைய படங்களை அப்படியே விட்டுவிடுங்கள். ‘என்.சி.’ என்றால் வணிக நோக்கத்துக்கு ஆகாது. ‘எஸ்.ஏ.’ என்றால் நீங்கள் உருவாக்கும் படத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும், எஸ்.ஏ. படம் ஒன்றையும், அதனோடு ஒத்துப்போகாத உரிமம் கொண்ட இன்னொன்றையும் இணைத்துவிட்டால் வெளியிட வழியில்லாமல் போகும். படத்தைப் பதிவிறக்கும்போதே உரிமம் காட்டும் பக்கத்தைத் தேதியோடு ஒரு பி.டி.எஃப். ஆகச் சேமித்து, படத்தோடு ஒரே கோப்புறையில் வையுங்கள். அடையாளம் தெரியும் வகையில் ஒருவரின் முகம் இருந்தால், படமெடுத்தவரின் உரிமம் மட்டும் போதாமல் போகலாம். விளம்பரத்துக்கானால் அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும்.

கோப்புறைக்குள் மூலம், வேலை, வெளியீடு என்று மூன்று உட்கோப்புறைகள் போதும். மூலக் கோப்புகளைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலையில் வைத்துவிடுங்கள்.

4. வேலைக் கோப்பை அமைத்தல்

கேமராவின் ரா கோப்பு (கேமரா பதிவுசெய்த, பதப்படுத்தாத தரவு) கிடைத்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். ஜேபெக் மட்டுமே இருந்தாலும் வேலைக் கோப்பை 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தாம் உண்டு. மாற்றுவதால் புதிய விவரம் எதுவும் வந்து சேராது. ஆனால் பின்னால் வரும் திருத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது எண்கள் முழுமையாக்கப்பட்டு, வானம் போன்ற பரப்புகளில் பட்டை பட்டையாக வரிகள் தோன்றுவதை இது தடுக்கும்.

இரண்டு படங்களும் வெவ்வேறு நிறச் சுயவிவரங்களோடு (கோப்பிலுள்ள எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் குறிப்பு) வந்திருந்தால், இரண்டையும் ஒரே சுயவிவரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘அசைன்’ என்ற கட்டளை எண்களை அப்படியே வைத்துக்கொண்டு தோற்றத்தை மாற்றிவிடும்; ‘கன்வர்ட்’ என்ற கட்டளை தோற்றத்தைக் காப்பாற்றி எண்களை மாற்றும். உங்களுக்கு வேண்டியது கன்வர்ட். திரைக்கான வேலையானால் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற சுயவிவரம் போதும்.

சேமிக்கும் வடிவம் மென்பொருளின் சொந்த வடிவமாக இருக்கட்டும்: கிம்ப்புக்கு எக்ஸ்.சி.எஃப்., ஃபோட்டோஷாப்புக்குப் பி.எஸ்.டி. பி.எஸ்.டி. கோப்பு 2 கிகாபைட்டைத் தாண்டக் கூடாது. ஒரு பக்கம் 30,000 பிக்சலுக்கு மேலும் போகக் கூடாது. அதற்கு மேல் தேவைப்பட்டால் பி.எஸ்.பி. வடிவம் உண்டு. ஒரு மென்பொருளில் செய்ததை இன்னொன்றில் திறந்தால் கலப்பு முறைகளின் விளைவு சற்று மாறித் தெரியக்கூடும் என்பதால், ஒரு வேலையை ஒரே மென்பொருளில் முடிப்பது நல்லது.

5. ஒளியையும் நிறத்தையும் பொருத்துதல்

ஆளைச் சுற்றித் தோராயமாக வெட்டி, பின்னணியின் மேல் வைத்துவிட்டு, விளிம்பைப் பற்றிக் கவலைப்படாமல் இந்தப் படிக்கு வாருங்கள்.

கறுப்பிலிருந்து தொடங்குவோம். தொலைவில் உள்ள பொருள்களுக்கும் நமக்கும் நடுவே காற்றும் தூசும் ஈரமும் இருப்பதால், அவற்றின் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்காது. சாம்பலாகவும், பல நேரங்களில் நீலம் கலந்தும் இருக்கும். அருகிலிருந்து எடுத்த ஆளின் கறுப்போ ஆழமாக இருக்கும். ஆள் பின்னணியில் எந்த இடத்தில் நிற்கப்போகிறாரோ, அந்தத் தொலைவில் உள்ள பொருள்களின் மிக இருண்ட பகுதியில் நிறத்தை அளக்கும் கருவியை வைத்து மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே 28, 31, 38 என்றும், ஆளின் கருமையான முடியில் 4, 4, 5 என்றும் வந்தால், ஆளின் லேயருக்கு மட்டும் ஒரு கர்வ்ஸ் போட்டு, ஒவ்வொரு நிறத்திலும் கோட்டின் இடது கீழ் முனையை அந்தந்த எண்ணுக்கு அருகில் உயர்த்துங்கள். வெண்மைக்கும் இதே போல மேல் முனையில் செய்ய வேண்டும். வெறும் பிரகாசம், கான்ட்ராஸ்ட் நழுவிகளைக் கொண்டு இதைச் செய்ய முயல வேண்டாம். அவை மூன்று நிறங்களையும் சேர்த்தே நகர்த்தும்.

அடுத்து, நடுத்தர வெளிச்சம். எல்லா லேயர்களுக்கும் மேலே 50 விழுக்காடு சாம்பல் நிறம் நிரப்பிய லேயர் ஒன்றை வைத்து, அதன் கலப்பு முறையை ‘கலர்’ என்று மாற்றுங்கள். முழுப் படமும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். நிறம் கண்ணை ஏமாற்றாத இந்த நிலையில், ஆள் பின்னணியை விட வெளிச்சமாக இருக்கிறாரா, இருட்டாக இருக்கிறாரா என்பது உடனே புலப்படும். கர்வ்ஸின் நடுப்பகுதியை அசைத்துச் சரிசெய்த பிறகு அந்தச் சாம்பல் லேயரை அணைத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், மீண்டும் தேவைப்படும்.

பிறகு நிறம். இதற்கு நான் கண்ட மிகச் சிறந்த வழி, சானல்களை, அதாவது படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளை, தனித்தனியாகப் பார்ப்பது. சிவப்புச் சானலை மட்டும் காட்டுமாறு செய்தால் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தெரியும். அதில் ஆள் துருத்திக்கொண்டு தெரிகிறாரா என்று பார்த்து, கர்வ்ஸில் சிவப்பை மட்டும் திருத்துங்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் அதையே செய்யுங்கள். மூன்றிலும் தனித்தனியே பொருந்திய ஆள், முழு நிறத்துக்குத் திரும்பும்போது ஏறக்குறைய பொருந்தியே இருப்பார். நிற உணர்வு தமக்குக் குறைவு என்று தயங்குபவர்களும் இந்த முறையில் நிறத்தைச் சரிசெய்துவிட முடியும்.

எல்லாம் சரி என்று தோன்றியதும், மேலே ஒரு தற்காலிகக் கர்வ்ஸைப் போட்டு, கோட்டை மிகச் செங்குத்தாக்கிப் பாருங்கள். சாதாரணப் பார்வைக்குத் தப்பிய வேறுபாடுகள் இதில் பெரிதாகித் தெரியும். பார்த்துத் திருத்திய பின் அதை நீக்கிவிடுங்கள்.

6. மாஸ்க் இடுதல்

அழிப்பானை எடுக்கவே வேண்டாம். மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் பாதி காட்டும். தவறினால் மறு நிறத்தால் பூசித் திருப்பிவிடலாம். மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்காமல் படத்தின் மேலேயே கறுப்பைப் பூசுவது புதியவர்கள் தவறாமல் விழும் குழி. பூசுவதற்கு முன் லேயர் பட்டியலில் எந்தச் சிறுபடத்தைச் சுற்றிச் சட்டம் தெரிகிறது என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரையில் வரும். நடுவில் விட்டுப்போன ஓட்டைகள் அப்போது தெரியும்.

விளிம்பு எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு நிலையான எண் இல்லை. பின்னணியில் அதே தொலைவில் உள்ள வேறு பொருளின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள்; அது இரண்டு பிக்சலில் மாறுகிறது என்றால் உங்களுடையதும் இரண்டு பிக்சலில் மாற வேண்டும். உடல் முழுவதற்கும் ஒரே ஃபெதர் (விளிம்பை மென்மையாக்கும் அளவு) கொடுப்பதும் தவறு. தோள்பட்டை கூர்மையாகவும், கம்பளித் துணி சற்று மென்மையாகவும், அசைந்துகொண்டிருந்த கை மங்கலாகவும் இருக்கும்.

முடி தனிக் கதை. ஒவ்வொரு இழையாக வரைய முயலாமல், முடிக்கும் அதன் பழைய பின்னணிக்கும் வேறுபாடு மிகுதியாக உள்ள சானலைக் கண்டறிந்து, அதை நகலெடுத்து, லெவல்ஸ் (கறுப்பு, வெள்ளை எல்லைகளை நகர்த்தும் கருவி) கொண்டு முடி முழுக் கறுப்பாகவும் பின்னணி முழு வெள்ளையாகவும் ஆகும்வரை இழுங்கள். அதைத் தலைகீழாக்கினால் அதுவே முடிக்கான மாஸ்க். ஒரே நிறமான, வெளிர்ந்த பின்னணியில் எடுத்த கருமுடிக்கு இது அருமையாக வேலை செய்யும். இலைதழைகளுக்கு முன்னால் எடுத்த முடிக்கு எதுவுமே ஒழுங்காக வேலை செய்யாது, அப்போது வேறு படத்தைத் தேடுவதே மலிவு. பழைய பின்னணியின் நிறம் விளிம்பில் வரிபோல ஒட்டிக்கொண்டிருந்தால், மாஸ்க்கை ஒரு பிக்சல் சுருக்குங்கள். அப்படியும் போகாவிட்டால், ஆளின் லேயரோடு மட்டும் பிணைத்த புதிய லேயரில், அருகிலுள்ள முடியின் நிறத்தை எடுத்து விளிம்பின் மேல் மெல்லப் பூசுங்கள்.

நேரம் ஒதுக்கும்போது மொத்த வேலையில் பாதியை இந்தப் படிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

7. கலப்பு முறைகளும் நிழலும்

பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்ட கலப்பு முறைகள் இருக்கும். ஒவ்வொன்றாகச் சொடுக்கி எது அழகாக இருக்கிறது என்று பார்ப்பது பொழுதுபோக்கு. நமக்கு ஐந்தாறு போதும்.

மல்டிப்ளை இரண்டு எண்களையும் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது. 200-ம் 100-ம் சேர்ந்தால் 78 வரும். விடை எப்போதும் இரண்டில் சிறியதைத் தாண்டாது; வெள்ளை மறைந்துபோகும். வெள்ளைத் தாளில் இட்ட கையெழுத்தைப் படத்தின் மேல் வைக்கவும், நிழல் போடவும் இதுவே உரியது. ஸ்கிரீன் இதற்கு நேரெதிர்: அதே 200-ம் 100-ம் 222 ஆகும், கறுப்பு மறையும். கறுப்புப் பின்னணியில் எடுத்த தீப்பொறி, புகை, விளக்கொளி ஆகியவற்றை வெட்டாமலே சேர்த்துவிடலாம். ஓவர்லேயும் சாஃப்ட் லைட்டும் 50 விழுக்காடு சாம்பலை அப்படியே விட்டுவிடும். எனவே சாம்பல் நிரப்பிய சாஃப்ட் லைட் லேயரில் வெள்ளையாலும் கறுப்பாலும் மிகக் குறைந்த அடர்த்தியில் பூசி, முகத்தின் ஒளியையும் நிழலையும் மூலத்தைத் தொடாமல் மேம்படுத்தலாம். கர்வ்ஸ் போட்டதும் நிறம் கூடிப்போனால் அதன் கலப்பு முறையை லுமினாசிட்டி ஆக்குங்கள். ஒரே காட்சியின் இரண்டு எடுப்புகளைச் சேர்த்துவைக்க டிஃபரன்ஸ் உதவும். சரியாகப் பொருந்திய இடமெல்லாம் கறுப்பாகிவிடும்.

நிழலுக்கு இரண்டு லேயர்கள் வேண்டும். ஒன்று, பாதம் தரையைத் தொடும் இடத்தில் விழும் ஒடுங்கிய, அடர்ந்த நிழல். பெரும்பாலோர் மறப்பது இதைத்தான், ஆள் மிதப்பது போலத் தெரிவதும் இது இல்லாததால்தான். மற்றது, தரையில் நீளும் நிழல். காலுக்கு அருகில் கூர்மையாகவும் தலைக்குப் போகப் போக மங்கலாகவும் அது இருக்க வேண்டும். இரண்டையும் மல்டிப்ளையில் வையுங்கள். தெளிந்த வானத்தின் கீழ் விழும் நிழலில் வானத்தின் நீலம் கலந்திருக்கும் என்பதால் தூய கறுப்பு பொருந்தாது. பின்னணியில் ஏற்கெனவே உள்ள நிழல் ஒன்றிலிருந்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அடர்த்தியும் அதற்கு மேல் போக வேண்டாம்.

8. மணியும் கூர்மையும்

கேமராவின் ஒளி உணர்திறனை (ஐ.எஸ்.ஓ.) உயர்த்தி எடுத்த படத்தில் மணி மணியாகப் புள்ளிகள் இருக்கும், மற்றதில் இருக்காது. அதிகப் புள்ளிகள் உள்ள படத்தில் மட்டும் அவற்றைச் சற்றுக் குறைத்து, பின்பு எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய மணித்தன்மை ஒன்றைப் பொதுவாகச் சேர்த்தால் இரண்டும் ஒரே கேமராவில் எடுத்தவை போல ஆகிவிடும். வானத்தில் தோன்றிய பட்டைகளையும் இது மறைக்கும்.

கூர்மையாக்குவது கடைசி வேலை. இறுதி அளவுக்குச் சுருக்கிய பிறகே செய்ய வேண்டும், ஏனெனில் பெரிய படத்தில் கொடுத்த கூர்மை சுருக்கும்போது வீணாகிவிடும். திரையில் பார்க்கும் படத்துக்கு அன்ஷார்ப் மாஸ்க் என்ற கூர்மையாக்கும் ஃபில்டரில் ஆரத்தை ஒரு பிக்சலுக்குள் வைத்து, 100 விழுக்காடு பெரிதாக்கத்தில் பார்த்தபடி அளவை உயர்த்துங்கள். விளிம்பை ஒட்டி வெள்ளைக் கோடு தெரியத் தொடங்கினால் அளவு மிஞ்சிவிட்டது. மங்கலான பின்னணிக்குக் கூர்மை தேவையில்லை. மாஸ்க் போட்டு மறைத்துவிடுங்கள்.

9. வெளியீடு

வேலைக் கோப்பைச் சேமித்துவிட்டு, அன்றைக்கே அனுப்பாமல் மறுநாள் ஒருமுறை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். கண்ணுக்குப் பழகிப்போன குறைகள் அப்போது தெரியும். பிறகு நகலெடுத்து, அந்த நகலில் லேயர்களை ஒன்றாக்கி, இறுதி அளவுக்குச் சுருக்கி, கூர்மையாக்கி, எஸ்.ஆர்.ஜி.பி.க்கும் 8 பிட்டுக்கும் மாற்றி ஏற்றுமதி செய்யுங்கள். ஒளிப்படத்துக்கு ஜேபெக், ஒளிபுகும் பின்னணி வேண்டுமானால் பி.என்.ஜி. ஜேபெக் கோப்பைத் திறந்து திருத்தி மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் குறையும் என்பதால், திருத்தம் வந்தால் எப்போதும் வேலைக் கோப்புக்கே திரும்புங்கள்.

அச்சுக்கானால் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கிடுங்கள்: 10 × 8 அங்குலத்துக்கு 3000 × 2400 வேண்டும். இதை வேலை தொடங்கும்போதே முடிவு செய்திருக்க வேண்டும். நீங்களாக சி.எம்.ஒய்.கே.வுக்கு (அச்சு மைகளுக்கான நிற முறை) மாற்றிவிடாதீர்கள், அச்சகம் கேட்டால் மட்டும், அவர்கள் கொடுக்கும் சுயவிவரத்தைப் பெற்று மாற்றுங்கள். மொத்தமாக அச்சிடும் முன் மாதிரிப் படி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். திரை தானே ஒளிர்வதால், தாளில் இருண்ட பகுதிகள் எதிர்பார்த்ததை விடக் கருமையாகத்தான் வரும். அப்படி வந்தால் வெளியீட்டு நகலில் மட்டும் ஒரு கர்வ்ஸ் போட்டு நிழல் பகுதியைச் சற்று உயர்த்தி அனுப்புங்கள்.